அக்போபேயின் பச்சை விளக்கு

மூன்றாம் மாடியில் அபாயச் சங்கு அலறியது.

உளவியல் முதலாண்டு மாணவர்கள் பெஞ்சுக்கு அடியிலிருந்த மஞ்சள் தலைக்கவசங்களை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரோரமாக வரிசை பிடித்து, முன்னால் போகிறவர் தோளில் கை வைத்தபடி படியிறங்கினார்கள். அக்போபேயும் இறங்கினாள். பாதிப் படியில் காவல் ஊழியர் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ எங்கேம்மா இறங்குறே? கசிவே உன்கிட்டேருந்துதான்."

அவள் வாயில் அப்போது பாதி குர்த் இருந்தது. உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, வீட்டிலிருந்து வந்தது. பாடத்துக்கு நடுவே பசித்ததால் ஒன்றைக் கடித்தாள். கடித்ததும் அப்பா நினைவு வந்தது. அப்பா நினைவு வந்ததும் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை சிவந்தது. பட்டை சிவந்ததும் சங்கு அலறியது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கஸாக் புல்வெளியின் நடுவில் இருக்கும் எங்கள் நிலக்கரி நகரத்தில், சுரங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அதில் உளவியல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எல்லாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களிலும் மனிதரைப் பற்றியும் ஏதாவது ஒரு பாடம் இருக்க வேண்டும் என்று தலைநகரத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். இங்கே தேடிப் பார்த்தார்கள். காற்றோட்டம் மற்றும் வெடிவாயுப் பாதுகாப்புத் துறைக்கு மேலே ஒரு மாடி காலியாக இருந்தது. மனிதரை அங்கே வைத்தார்கள்.

வெடிவாயுத் துறையின் தலைவரான துர்சின் அகாயே உளவியலுக்கும் தலைவரானார். 'அகாய்' என்றுதான் எங்கள் பக்கம் வாத்தியார்களைக் கூப்பிடுவோம். நல்ல மனிதர். மாணவர்களைத் திட்டமாட்டார். அவர்களோடு பேசவும் மாட்டார். முதல் நாள் வரவேற்பு உரையில் அதற்குக் காரணமும் சொன்னார்.

"நான் வாழ்க்கை பூரா மீத்தேனைப் படிச்சவன். மீத்தேன் என்னைக்காவது என்கிட்ட வந்து, 'அகாய், எனக்கு மனசு சரியில்லை'ன்னு சொல்லியிருக்கா? இல்லை. ஆனாலும் அதை நான் புரிஞ்சுக்கிட்டேன். எப்படி? அளந்தேன். மனசும் வாயுதான், பிள்ளைங்களா. பேசவிட்டா பரவும். அளந்தா அடங்கும்."

கை தட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பட்டை கட்டிவிட்டார்கள். நாடித்துடிப்பு, தோலின் ஈரம், உடம்பின் சூடு எல்லாவற்றையும் பட்டை கணக்குப் போடும். நிம்மதி என்றால் பச்சை. துயரம் என்றால் சிவப்பு. சிவந்தால் சுரங்கத்தில் என்ன செய்வார்களோ அதையே இங்கேயும் செய்வார்கள். பச்சையாக இருப்பவர்கள் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். சிவந்தவரை உள்ளேயே வைத்துக் கதவை அடைக்க வேண்டும்.

அடைக்கிற அறைக்கு அமைதி அறை என்று பெயர். சுவரில் கடல் படம். ஒலிபெருக்கியில் பைன் மரங்களின் ஓசை. மூலையில் சுரங்கத்திலிருந்து கழற்றி வந்த ராட்சத மின்விசிறி. துயரம் தேங்காமல் இருக்க அது ஓடிக்கொண்டே இருக்கும். அக்போபே அதன் முன்னால் உட்கார்ந்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டாள். மூக்கு ஒழுகியது, கண் கலங்கியது, உடம்பு சுட்டது. பட்டை மேலும் சிவந்தது.

"ஆழமான சோகம்," என்றார் விசிறியை ஓட்டுகிற ஊழியர். வேகத்தைக் கூட்டினார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஊருக்குப் போகும் கடைசி பஸ் அவள் இல்லாமல் போய்விட்டது.

ஆனால் ஒரு நல்லது நடந்தது. கைபேசி அடித்தது.

"என் குதிரைக்குட்டி, என்னாச்சு? ஏன் செவப்பா எரியுறே?"

அப்பா. பெற்றோரின் கைபேசியிலும் பிள்ளையின் விளக்கு தெரியும்படி பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருந்தது. பிள்ளை நிம்மதியாக இருக்கிறதா என்று பிள்ளையிடமே கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது நோக்கம்.

"ஒண்ணுமில்லைப்பா. குர்த் தின்னேன்."

"குர்த் தின்னா செவக்குமா?"

"நீங்க உருட்டின குர்த் தின்னா செவக்குது."

அந்தப் பக்கம் அவர் வார்த்தை தேடினார். அவர் அப்படித்தான். அவர்கள் ஊரான கோமிர்தாவின் சுரங்கத்தில் ஒருமுறை வாயு வெடித்து, உடன் இறங்கியவர்கள் எல்லாரும் உள்ளேயே மாண்டார்கள். அவர் மட்டும் மேலே வந்தார். அன்றிலிருந்து பேச்சு குறைந்துபோயிற்று. சாப்பாட்டு மேஜையில் அவருக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். அந்தக் கண்ணாடியை எந்தப் பக்கத்திலிருந்து தட்டினால் அவருக்குக் கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அக்போபே உளவியலுக்கு வந்தாள். வந்த இடத்தில் முதல் பருவத்தில் திருகாணிகளின் இழுவிசை சொல்லிக்கொடுத்தார்கள்.

"சரி, அழாதே," என்றார் அப்பா கடைசியில். "நான் பாத்துக்கிட்டே இருக்கேன். சுரங்கத்துல என்னைக் காப்பாத்தினது விளக்குதான். விளக்கு என்ன சொல்லுதோ அதை நம்பணும்."

இப்படி அந்த இலையுதிர்காலம் முழுக்க நடந்தது. அவள் சிவப்பாள், சங்கு அலறும், விசிறி சுற்றும், அப்பா கூப்பிடுவார். இயந்திரக் கோளாறுகளைப் பற்றி நான்கு வார்த்தை, குதிரைகளைப் பற்றி நான்கு வார்த்தை. மகளோடு அவர் அத்தனை பேசியது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை.

பிறகு துர்சின் அகாய் அவளை அழைத்தார்.

"உக்காரும்மா. உன்மேல எனக்குக் கோபமே இல்லை. ஆனா பாரு, இந்த மாடியோட சராசரி நல்ல பச்சை. நீ ஒருத்தி வந்து அதை மஞ்சளாக்குறே. தலைநகரத்திலேருந்து ஆணையம் வருது. போன வருஷம் சோகத்தைப் பாதியாக் கொறைச்சோம்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"எப்படிக் கொறைச்சீங்க, அகாய்?"

"சோகமா இருந்தவங்களை வேற துறைக்கு மாத்தினேன்."

வேறு துறை என்றால் வெல்டிங்.

விடுதி அறைக்குத் திரும்பிக் கட்டிலில் விழுந்தாள். அறைத்தோழி லூதா பாக் சுரங்க மின்பொறியியல் படிப்பவள். தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் வாழும் கொரியக் குடும்பம். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

"இதுக்கா அழுவுறே? கையைக் காட்டு."

பட்டையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். எங்கள் விடுதி ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. குளிர்காலத்தில் நடுவில் உள்ள இடைவெளியில் வெண்ணெய், இறைச்சி எல்லாம் வைப்போம். லூதா அங்கே ஒரு செருப்புப் பெட்டி வைத்திருந்தாள். மரத்தூளுக்குள் அவளுடைய புல்வெளி ஆமை தூங்கிக்கொண்டிருந்தது. பெயர் மார்ஷல்.

"இவன் வசந்தம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான்," என்று சொல்லி, மார்ஷலின் பின்னங்காலில் பட்டையைச் சுற்றினாள்.

"ஏய், லூதா, அது ஆமைடி!"

"கருவிக்கு ரத்தம் ஓடினாப் போதும். யாரோட ரத்தம்னு அது கேக்குதா?"

பட்டை சற்று யோசித்தது. பிறகு பச்சையானது. வெறும் பச்சை இல்லை, அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை கண்டிராத அடர்ந்த பச்சை. ஆய்வகக் குப்பைத் தொட்டியில் கிடந்த பச்சையிலேயே உறைந்து செத்த பட்டை ஒன்றை லூதா அக்போபேயின் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்த வாரமே துர்சின் அகாய் மாடிப்படியில் அவளைக் கண்டு கண் கலங்கினார். "என்ன மாற்றம்! என்ன மாற்றம்! எல்லாம் அந்த விசிறிதான்!" என்றார். அவளுடைய நாடிக்கோடு அரங்கத் திரையில் காட்டப்பட்டது. காற்றில்லாத நாளின் ஏரிபோல் அது கிடந்தது. அவர் இதற்கு 'பெருநிலை அமைதி' என்று பெயரிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதப் பெண் இவ்வளவு குறைந்த துடிப்போடு திருகாணித் தேர்வு எழுதியது விஞ்ஞானத்துக்குப் புதிது என்று அதில் இருந்தது. முதலாண்டு மாணவர்கள் அவளைப்போல் ஆக வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் அந்தக் கோட்டை உற்றுப் பார்க்கும் பயிற்சி தொடங்கியது.

அக்போபே யார் கண்ணிலும் படாமல் நிம்மதியாக அழுதாள். கழிப்பறையில் அழுதாள், நூலகத்தில் அழுதாள், திருகாணி வகுப்பின் கடைசி பெஞ்சில் அழுதாள். சங்கு அலறவில்லை.

கைபேசியும் அடிக்கவில்லை.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பனி விழ ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. அவளே கூப்பிட்டாள். எடுத்தது அம்மா.

"அப்பா எங்கேம்மா?"

"தூங்குறாரு."

இன்னொரு நாள்: "பக்கத்து வீட்டுக்குப் போயிருக்காரு." இன்னொரு நாள்: "சின்னச் சளிதான், பேசினா இருமல் வருது. நீ நல்லாத்தானே இருக்கே? விளக்கைப் பார்த்தோம். பச்சையா எரியுது. அவருக்கு ரொம்ப சந்தோஷம்."

அக்போபேக்கு மனசு விட்டுப்போயிற்று. "சிவந்தா மட்டும்தான் அவருக்கு நான் பொண்ணா?" என்று லூதாவிடம் பொருமினாள்.

"அப்போ பட்டையை எடுத்து மாட்டிக்கோ. ஒரே ஒரு நாள் செவந்துக்கோ. அலறி அடிச்சுக் கூப்பிடுவாரு பாரு."

அக்போபே ஜன்னலைத் திறந்து, பெட்டிக்குள் கைவிட்டு, மார்ஷலின் காலைக்கூடப் பிடித்துவிட்டாள். அப்போது கைபேசி அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

துர்சின் அகாய்.

"அக்போபே, என் கண்ணே, ஆணையம் அடுத்த வாரம் வருது. உனக்கு 'பச்சை மாணவி' விருது கொடுக்கப்போறோம். அதுவரைக்கும் சந்தோஷமோ துக்கமோ எதுவும் வெச்சுக்காதேம்மா. எனக்காக. அப்புறம் உன் இஷ்டம்."

பாவம், கெஞ்சுகிறார். ஒரு வாரம்தானே என்று அவள் ஜன்னலை மூடினாள்.

ஆணையம் வந்தது. தலைவர் பருமனான மனிதர். நல்ல தொப்பி, பெரிய மோதிரம். அரங்கம் நிறைய உளவியல் மாணவர்கள் பச்சையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைத் திரையில் அத்தனை பேருடைய விளக்குகளும் புள்ளி புள்ளியாக எரிந்தன. நடுவில் பெரிதாக அக்போபேயின் விளக்கு.

"முன்னெல்லாம் ஒரு புள்ளை அழுதா நாலு பேர் போய் என்னாச்சுன்னு கேப்பாங்க," என்று பேசினார் துர்சின் அகாய். "எவ்வளவு நேர விரயம்! கேட்டவங்களும் சேர்ந்து அழுதுடுவாங்க. வாயு பரவிடும். இப்போ எங்க பல்கலைக்கழகத்துல யாரும் யாரையும் எதுவும் கேக்கறதே இல்லை. இதுதான் எங்க சாதனை."

தலைவர் ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, காவல் ஊழியர் பின்பக்கமாக வந்து அகாயின் காதில் ஏதோ சொன்னார். அகாயின் முகம் ஒரு கணம் சுருங்கியது. திரையைப் பார்த்தார். அங்கே எரிந்த பச்சையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயா, அதிர்ஷ்டம்! இந்தப் பொண்ணோட பெரியப்பா ஊரிலேருந்து ஏதோ செய்தியோட வந்திருக்காராம். இங்கேயே சொல்லச் சொல்லுவோமா? நேரடிச் சோதனை!"

தோக்தார் பெரியப்பா மேடைக்குக் கொண்டுவரப்பட்டார். தலையில் மஞ்சள் கவசம் மாட்டிவிட்டிருந்தார்கள். தன் நரித்தோல் தொப்பியை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்திருந்தார். வேலை நாளில், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு பெரியப்பா வந்து நிற்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். விருதுக்காக மேடையில் நின்றிருந்த அக்போபே அவர் கையிலிருந்த தொப்பியையே பார்த்தாள்.

ஒலிவாங்கியை அவர் வாய்க்கு முன்னால் பிடித்தார்கள்.

"இங்கேயா?" என்றார் அவர். "இதுலயா சொல்லணும்?"

"தெளிவாச் சொல்லுங்க, அண்ணே. கடைசி வரிசைக்கும் கேக்கணும்," என்றார் அகாய்.

எங்கள் ஊரில் மரணத்தை யாரும் நேராகச் சொல்வதில்லை. வயதில் மூத்தவர் ஒருவர் வந்து, குதிரை, காற்று, கூடாரம் என்று தூரத்திலிருந்து பேச்சை எடுத்து, மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். கேட்பவர் விழுந்தால் பிடித்துக்கொள்ள அருகிலேயே நிற்பார். தோக்தார் பெரியப்பா வழி முழுக்க அந்த வார்த்தைகளைத்தான் அடுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒலிவாங்கியைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது.

"மகளே, பெரிய காத்து அடிச்சுது," என்றார். குரல் அரங்கம் முழுக்க எதிரொலித்தது. "நம்ம கூடாரத்தோட உச்சி வளையம்... அது சாஞ்சிருச்சும்மா."

அக்போபேயின் வீடு தகரக் கூரை போட்ட வீடு. அதற்கு வளையம் கிடையாது. ஆனால் வளையம் என்றால் குடும்பத்தைத் தாங்கும் தகப்பன் என்று அரங்கத்தில் புரியாதவர் ஒருவரும் இல்லை. ஆணையத் தலைவருக்கும் புரிந்தது. இறந்தவருக்காக வேண்டி, எங்கள் வழக்கப்படி முகத்தைத் தடவிக்கொள்ள உள்ளங்கைகளை உயர்த்தினார். பாதி வழியில் திரை கண்ணில் பட்டது. பச்சை. அவர் கைகள் அங்கேயே நின்றன. விளக்கு பச்சையாக இருக்கும்போது முகத்தைத் தடவிக்கொள்வது முறைதானா என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்போபே மேடையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பெரியப்பா கவசம் உருண்டு விழக் குனிந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு அழுவுதே?" என்றார் தலைவர்.

"கண்ணீர் வருது, ஒத்துக்கறேன், ஐயா," என்றார் துர்சின் அகாய். "ஆனா திரையைப் பாருங்க. உள்ளே ஒரு சலனமும் இல்லை. இது வெறும் ஈரப்பதம்."

அப்போது முன்வரிசையில் ஒரு புள்ளி சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடைசி வரிசையில் ஒரு பையன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். தீ புல்வெளியில் பரவுவதுபோல் திரை முழுக்கச் சிவப்புப் பரவியது. அவளோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளைகள் எல்லாரும் அவளுக்காக அழுதார்கள். சங்கு அலறியது. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று துர்சின் அகாயும் ஒரு பட்டை கட்டியிருந்தார். அதுவும் சிவந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருவியில் கோளாறு," என்றார், கண்ணைத் துடைத்தபடி.

நடுவில் ஒரே ஒரு விளக்கு மட்டும் அடர்ந்த பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

விதி தெளிவாக இருந்தது. சிவந்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும், பச்சையானவர் வெளியேற வேண்டும். காவல் ஊழியர் அரங்கத்தின் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார். அகாயையும் உள்ளே வைத்து அடைத்தார். கடைசிக் கதவை மட்டும் திறந்து பிடித்தார். விம்மிக்கொண்டிருந்த அக்போபேயைப் பெரியப்பா தாங்கிப் பிடித்து வெளியே நடத்திச் சென்றார்.

"போயிட்டு வாம்மா," என்றார் ஊழியர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உனக்கு ஒண்ணுமில்லை."

வாசலில் லூதா அவளுடைய கோட்டோடு நின்றாள். பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள்.

"பட்டையைக் கழட்டிடவா?"

அக்போபேக்கு எந்தப் பட்டை என்றே விளங்கவில்லை.

கோமிர்தாவ் வரைக்கும் பனி. பெரியப்பா காரை ஓட்டிக்கொண்டே, மறந்துபோன மீதி வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்னால் போன குதிரையைப் பற்றிச் சொன்னார். அது நல்ல புல் இருக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கும் என்றார். ஒலிவாங்கி இல்லாததால் நன்றாகவே சொன்னார். இலையுதிர்காலத்தின் கடைசியிலேயே அப்பாவின் நுரையீரல் கைவிட்டுவிட்டது, பழைய நிலக்கரித் தூசி என்பதையும் நடுவில் எங்கேயோ சொன்னார்.

வீட்டு வாசலில் பெண்கள் கைகோத்து நின்று ஒப்பாரி வைத்தார்கள். அக்போபே ஒவ்வொருவர் தோளாகக் கடந்து உள்ளே போனாள். அறையின் வலப்பக்கம் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். வெள்ளைத் துணி. இன்னும் சற்று நேரத்தில் ஆண்கள் எடுத்துப் போய்விடுவார்கள். அவளுக்கும் அவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இப்போது கண்ணாடி எதுவும் இல்லை. தட்டவும் எதுவும் இல்லை.

அவர் படுத்திருந்த கட்டிலை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தலைமாட்டில், மருந்துச் சீசாக்களுக்கு நடுவே, ஒரு டம்ளரில் சாய்த்து வைத்த கைபேசி. படுத்தபடியே பார்க்க வசதியாக வைத்திருக்கிறார்கள். சார்ஜ் போட்டபடியே இருந்தது. திரையில் அவளுடைய பெயர். பெயருக்குப் பக்கத்தில், எங்கோ நகரத்தில் மரத்தூளுக்குள் தூங்கும் ஒரு ஆமையின் அமைதி, பச்சையாக.

அவள் அம்மாவின் மடியில் விழுந்தாள்.

"ஏம்மா எனக்குச் சொல்லலை? இத்தனை நாளா ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

அம்மா அவள் தலையைத் தடவினாள். பதில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை அந்தத் திரையைப் பார்த்தாள்.

"உனக்குச் சொல்றேன்னுதான்டி நான் அவர்கிட்ட சொன்னேன். 'என் குதிரைக்குட்டி அங்கே சந்தோஷமா இருக்கா, விளக்கு பச்சையா எரியுது, என்னைக் காட்டி அதைச் செவப்பாக்கிடாதீங்க'ன்னு கடைசி மூச்சு வரைக்கும் உன்னைக் கூப்பிட விடலையே உங்கப்பா."